தாடி வைத்த சக்களத்தி

என் சக்களத்திக்குத் தாடி இருக்கிறது. தொப்பையும் இருக்கிறது. பாகூர் கடைத்தெருவில் நைலான் கயிறும் பெயிண்டும் போல்ட்டு நட்டும் விற்கிற கடை இருக்கிறது. பெயர் அப்துல் கனி. ஊரே கனி பாய் என்று கூப்பிடுகிறது. நான் மட்டும் மனசுக்குள் வேறு பெயர் வைத்திருக்கிறேன், அதை இங்கே சொன்னால் நன்றாக இருக்காது.

சிரிக்காதீர்கள். சக்களத்தி பொம்பளையாக இருந்தால் ஒரு பெண்டாட்டி என்ன செய்வாள்? அவள் வாசலில் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், பஞ்சாயத்தைக் கூட்டுவாள். ஐந்து வேளை தொழுகிற, பேரன் எடுத்த மனுஷனை எந்தப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் நிறுத்துவது? "என் புருஷன் குடிக்கிறதை இவர் நிறுத்திட்டாரு, நாயமா இது?" என்று கேட்டால் காறித் துப்ப மாட்டார்களா?

நான் வைஜெயந்தி. ஊர் பனித்திட்டு. என் வீட்டுக்காரர் கமலக்கண்ணன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறார், நான் மீனைக் கூடையில் வைத்து பாகூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறேன். அந்த மார்க்கெட்டில் என் வாய்க்கு ஒரு பேர் உண்டு. "இந்த வஞ்சிரம் நேத்து புடிச்சதுதானே" என்று எவராவது இழுத்தால், அவர் வீட்டுக் கதை வரைக்கும் சொல்லி அனுப்பிவிடுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "புருஷன்தான் அவளுக்குப் புள்ள" என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பிள்ளை மாதிரிதான் வளர்த்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் குடிக்கிறார். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டாலே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எந்தச் சாராயக்கடை, கூட யார், எங்கே விழுந்து கிடப்பார், எல்லாம் எனக்கு மனப்பாடம். தோளில் தாங்கிக் கூட்டிவருவேன். சட்டையைக் கழற்றி, முகம் கழுவி, வாந்தி அள்ளி, சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவேன். விடிந்ததும் போட்டுக்காரரிடம் போய், "அவருக்கு ராவெல்லாம் காய்ச்சல் அண்ணே" என்று புளுகுவேன். ரோட்டில் கிடந்து லாரியில் அடிபடுவதற்கு வீட்டிலேயே குடிக்கட்டும் என்று நானே கடைக்குப் போய் வாங்கி வந்ததும் உண்டு. பிராந்திக் கடைக்காரன் என்னை அக்கா என்று கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம்.

மார்க்கெட்டில் கூடையை இறக்கியதும் பக்கத்துக் கூடைக்காரிகள் முதலில் கேட்பது இதுதான்: "உன் வூட்டுக்காரன் எப்டிடி இருக்கான்?" நான் ஒரு பெருமூச்சு விடுவேன். "எம்மா, நீயா இருக்கக்கொண்டு அவன் உசுரோட இருக்கான், வேற எவளா இருந்தாலும் போயிருப்பா" என்பார்கள். அன்றைக்கு மீன் விற்காவிட்டாலும் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

போதை தெளிந்த காலையில் அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார். "நீ இல்லன்னா நான் செத்துருவேன் வைஜி" என்பார். "ஆமாய்யா, என்னை விட்டா யாரு இருக்கா ஒனக்கு" என்று நான் தலையைத் தடவிக் கொடுப்பேன். ஒரு பெண்டாட்டிக்குப் புருஷன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய வார்த்தை வருமா? நகை போட்டவள் நகையைக் காட்டுவாள், எனக்கு அந்த வார்த்தைதான் நகை.

அதில்தான் பாய் வந்து கை வைத்தார்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டைப் பழுது பார்க்கக் கயிறு வாங்கப் போனார் இவர். கயிற்றை அளக்கும்போது இவர் கை நடுங்கியதை பாய் பார்த்திருக்கிறார். "தம்பி, காத்தால எழுந்ததும் கை நிக்கணும்னா ஒரு கிளாஸ் வேணும், இல்ல?" என்று கேட்டிருக்கிறார். பாயும் ஒரு காலத்தில் குடித்தவராம். தெருவில் ஒருத்தருக்கும் தெரியாமல் கடலூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய்க் குடித்து, வாயில் ஏலக்காயை அதக்கிக்கொண்டு திரும்பி வருவாராம். அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு, இவரை பாண்டியில் ஒரு சிகிச்சை மையத்துக்குத் தன் ஸ்கூட்டரிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அங்கிருந்துதான் போன் வந்தது.

நான் காலில் விழுந்து கேட்டும் போகாத மனுஷன். நான் தாயத்துக் கட்டினேன். சோற்றில் கலக்கிற மருந்து வாங்கிக் கலந்தேன். அம்மனுக்குத் தீ மிதித்தேன், இன்னும் உள்ளங்காலில் தழும்பு இருக்கிறது. அதற்கெல்லாம் மசியாதவர், முன்னே பின்னே தெரியாத ஒரு தாடிக்காரர் ஒரு கேள்வி கேட்டதும் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

திரும்பி வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. விடியும் முன்பே எழுந்து தானே டீ போடுகிறார். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைக்கிறார். லுங்கியைத் துவைத்துத் தானே கொடியில் போடுகிறார். சோற்றைப் பிசைய நான் கையை நீட்டினால், "இன்னாடி, எனக்குக் கை இல்லையா" என்று சிரிக்கிறார். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டால் நேராக நடந்து வருகிற சத்தமாக இருக்கிறது. அதில் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றும் இல்லை.

கண் விழித்ததும் முதல் வேலை, போன். "பாய், எழுந்துட்டேன். இன்னிக்குக் குடிக்க மாட்டேன்." கரையேறியதும் போன். "பாய், வந்துட்டேன். பசங்க கூப்புட்டானுங்க, போவல." எதிர்முனையில் பாய் என்னவோ சொல்ல, இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். என்னோடு அப்படி ஒருநாள் சிரித்ததில்லை. சாயங்காலம் பாகூரில் குடியை விட்டவர்கள் கூட்டம் ஒன்று, அதற்குத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். எனக்காக என்றைக்கு இந்த மனுஷன் துவைத்த சட்டை போட்டார்?

"அப்டி இன்னாதான்யா பேசுவீங்க ரெண்டு பேரும்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அதெல்லாம் உனக்குப் புரியாதுடி. குடிச்சவனுக்குத்தான் புரியும்."

புரியாதாம்! வாந்தி அள்ளினவளுக்குப் புரியாதாம்! அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. அதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்து போனார், பாவி.

மார்க்கெட்டிலும் நிலைமை மாறிவிட்டது. "உன் வூட்டுக்காரன் எப்டி இருக்கான்?" என்று கேட்டவர்கள், "கனி பாய் தெய்வம்டி, உன் தாலியக் காப்பாத்திட்டாரு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் தாலியைக் காப்பாற்றினது யாராம்? ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை.

ஒருநாள் மீன் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. இன்றைக்கு பாயை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று காலிக் கூடையோடு கடைக்கே போனேன். முன்பக்கம் ஆள் இல்லை. பெயிண்ட் டப்பா அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. என் வீட்டுக்காரர் குரல். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"சுனாமி அன்னிக்குக் காத்தால அப்பா வந்து எழுப்புனாரு பாய். 'வலைய மடிக்கணும், எழுந்து வாடா'ன்னாரு. மொத நாள் குடிச்சது எனக்குத் தெளியல. 'நீ போப்பா, வரேன்'னு திரும்பிப் படுத்துக்கினேன். அவரு மட்டும் கரைக்குப் போனாரு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வரேன்னு சொன்னேன் பாய். போவல."

பாய் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "ம்" என்றார். பிறகு, "டீ ஆறுது, குடி" என்றார்.

என் மாமனார் கண்ணையனை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அலை வந்த அன்று கரையில் இருந்தவர், உடல் மறுநாள்தான் கிடைத்தது. இதுதான் எனக்குத் தெரிந்த கதை. இதற்குள்ளே இப்படி ஒரு கதை இருப்பது எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் பாவமாக இருந்திருக்க வேண்டும். என் புருஷன் இத்தனை வருஷம் எதைச் சுமந்தாரோ என்று அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. சுத்தமான பொறாமை, நெஞ்செல்லாம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி. போதையில் உளறின ராத்திரியில்கூட என்னிடம் சொல்லாத ஒன்றை, கயிறு விற்கிற மனுஷனிடம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார்.

திரும்பிப் போகலாம் என்று நகர்ந்தேன். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. பாயின் மனைவி தாஜ் நிஷா பக்கத்துச் சந்து வழியாக வந்தார். என்னையும் கூடையையும் பார்த்தார். யார் என்று நான் சொல்லாமலே தெரிந்துகொண்டார்.

"வைஜெயந்திதானே? உள்ள வா தங்கச்சி, தண்ணி குடிச்சிட்டுப் போவியாம்."

"வேணாங்க்கா, பஸ்ஸு போயிரும்."

"ஒருநாள் சாவகாசமா வா. எங்க வூட்டு மாடியில நாலஞ்சு பொம்பளைங்க சேந்து பேசிக்கினு இருப்போம். எல்லாம் குடிச்சவங்க வூட்டுப் பொம்பளைங்கதான்."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "எதுக்குங்க்கா? சீக்கு அவருக்குத்தானே? எனக்கு இன்னா கேடு?" என்றேன்.

தாஜ் நிஷா கோபப்படவில்லை. "எனக்கும் ஒண்ணும் கேடு இல்லன்னுதான் நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார். அந்த அமைதியும் எனக்குப் பிடிக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து என் வீட்டை வளைத்துப் போடப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாமனார் செத்த நாள் வந்தது. சுனாமி நாள் என்பதால் தேதி பார்க்க வேண்டியதில்லை, டிசம்பர் இருபத்தாறு. எங்கள் வீட்டில் அன்றைக்குப் படையல். போட்டோவுக்கு மாலை போட்டு, தலைவாழை இலையில் அவர் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் வைப்போம். சங்கரா மீன் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, வடை, சுருட்டு, ஒரு கிளாஸ் பிராந்தி. எல்லாம் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டும். பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்போம். உள்ளே போனதும் மூத்த மகன் அந்த கிளாஸை எடுத்துக் குடிக்க வேண்டும். அது அப்பன் பங்கு, அதை மகன் வாங்கிக்கொண்டால்தான் மற்றவர்கள் இலையில் கை வைக்கலாம். மிச்சம் வைத்தால் செத்தவர் மனசு ஆறாது என்பது என் மாமியார் தெய்வநாயகியின் தீர்ப்பு.

"இந்த வருசம் அப்பாவுக்கு டீ வைக்கலாம்டி" என்றார் இவர், ஒரு வாரம் முன்பே. "அப்பாவுக்கு டீயும் புடிக்கும்."

நல்லவாடு ஊரில் மைத்துனர் மணிவண்ணன் வீட்டில் இருக்கிற மாமியாருக்குப் போனில் சொன்னதற்கு, அந்தம்மா ஒரு பாட்டம் அழுதுவிட்டு வைத்துவிட்டது. "நீ கொஞ்சம் அம்மாவுக்குச் சொல்லேன்" என்றார் என்னிடம். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்தேன். படையல் நாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை உச்சியில் பாய் போனை அணைத்துவிட்டு பள்ளிவாசலுக்குப் போவார். ஜும்மா தொழுகை முடிந்து வரும்வரைக்கும் யார் அடித்தாலும் கிடைக்க மாட்டார். இவர் எத்தனையோ வெள்ளிக்கிழமை போட்டுப் பார்த்துவிட்டு, "ஜும்மா நேரம், மறந்துட்டேன்" என்று தலையைச் சொறிந்திருக்கிறார். படையல் போடுவதும் உச்சிப் பொழுதில்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். அவர் பழையபடி விழ வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. ஒரு வாய். ஒரே ஒரு வாய். லேசாகக் கால் தடுக்கினால் போதும், சாய்வதற்கு என் தோளைத் தேடுவார். 'வைஜி' என்று அழுவார். அந்தத் தாடிக்காரரால் ஆகாதது என்னால் ஆகும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது மருமகள் கடமைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது சோரியாங்குப்பம் பிராந்திக் கடைப் பக்கம் போய் இறங்கினேன். "இன்னாக்கா, ரொம்ப நாளாக் காணோம்?" என்றான் கடைக்காரன். பாட்டிலைக் கூடையில் மீன் துணிக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்கு வந்து அரிசி டிரம்மில் புதைத்தேன்.

மறுநாள் காலையில் ஊரோடு கரைக்குப் போய்க் கடலில் பாலை ஊற்றிவிட்டு வந்தோம். மணிவண்ணனும் மாமியாரும் வந்தார்கள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கவுச்சி" என்று ஆரம்பித்த மாமியார், "செத்த நாளுக்குக் கிழமை ஏது" என்று தானே பதில் சொல்லிக்கொண்டு வடைக்கு உட்கார்ந்தது. இவர் தன் கையால் டீ போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு, மூடி வைத்துவிட்டு, வாசலில் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. நான் இலையில் எல்லாம் எடுத்து வைத்தேன். டீயை அடுப்படியிலேயே விட்டுவிட்டு, கிளாஸில் பிராந்தியை ஊற்றினேன். என் கை நடுங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து எல்லோரோடும் நின்றேன்.

நேரம் பார்த்து மாமியார் தலையாட்டியது. இவர் கதவைத் தட்டினார். திறந்து முதலில் உள்ளே போனார்.

வாசனை முகத்தில் அடித்திருக்கும். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கிளாஸைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. போட்டார். காதில் வைத்தார். எடுத்தார். மறுபடி போட்டார். மறுபடி. மறுபடி. கடைசியில் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கடா போன? பசிச்சுக்கினு நிக்கறாரு அப்பன்" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தது.

வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். கை நடுங்கியது, பழைய நடுக்கம். போட்டோவைப் பார்க்கிறார், கிளாஸைப் பார்க்கிறார்.

"எடுடா" என்றது மாமியார். "வரேன் வரேன்னு சொல்லி அந்த மனுசன ஏமாத்தாத."

அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னது. எனக்குத் தெரியும், அது எங்கே போய்க் குத்தியது என்று. இவர் முகம் அப்படியே வெளுத்துப்போனது. கை கிளாஸை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"வைஜி. பாய் எடுக்கல. நீ சொல்லு, நான் இன்னா பண்ணட்டும்?"

இதற்குத்தானே இத்தனையும் செய்தேன்? இப்படி ஒரு பார்வை பார்க்க மாட்டாரா என்றுதானே ஏங்கினேன்? அந்த நேரத்திலும் என் புத்தி போன இடத்தைப் பாருங்கள். பாய் எடுக்கல, அதனால் நீ! அப்போதும் நான் ரெண்டாவதுதான்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாய் மேலே, மாமியார் மேலே, போட்டோவில் சிரிக்கிற மாமனார் மேலே, அந்த கிளாஸ் மேலே. யோசித்துப் பார்த்தால் முதல் சக்களத்தியே அந்த கிளாஸ்தான். அதற்கு இத்தனை வருஷம் நானே அழைத்து வந்து ஆரத்தி எடுத்திருக்கிறேன். நேற்றும் டிரம்மில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன்.

இவர் கண்ணைப் பார்த்தேன். பயம். கடலுக்குப் பயப்படாத மனுஷன், என் எதிரில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். குடிக்குப் பயந்தாரா, எனக்குப் பயந்தாரா, தெரியவில்லை.

குனிந்து கிளாஸை எடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

"அய்யய்யோ! மருமவ குடிச்சிட்டாளே!" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டது. மணிவண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். தொண்டையிலிருந்து அடிவயிறு வரைக்கும் எனக்கு நெருப்பு இறங்கியது. "பங்கு தீந்துச்சா? மிச்சம் இல்ல இல்ல? இப்ப எல்லாம் கையை வைங்க" என்றேன். அடுப்படியிலிருந்த டீயைக் கொண்டுவந்து போட்டோ முன்னால் டம் என்று வைத்தேன். "இது உன் புள்ள போட்டது மாமா. ஆறிப்போச்சு. கோச்சுக்காம குடி."

அதற்குமேல் நிற்க முடியவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. பின்கட்டுக்கு ஓடினேன்.

குழாயடியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். யாரோ பின்னாலிருந்து என் முடியைச் சேர்த்துப் பிடித்தார்கள். இன்னொரு கை நெற்றியைத் தாங்கியது. "மூச்ச அடக்காத. விடு. வரட்டும்." அவர்தான். முகம் கழுவிவிட்டார். உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். "மடக் மடக்னு குடிக்காத, கொஞ்சம் கொஞ்சமா." எனக்கே சிரிப்பு வந்தது. நான் அவருக்குச் செய்ததை அப்படியே வரிசை மாறாமல் எனக்குச் செய்கிறார். போதையில் ஒன்றும் தெரியாமல் கிடந்தார் என்று நினைத்திருந்தேன், எல்லாம் தெரிந்திருக்கிறது.

சுவரில் சாய்ந்து அவர் தோளில் தலையை வைத்தேன். ஊர் சுற்றியது. ரொம்ப சுகமாக இருந்தது. இப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒருத்தர் தாங்கிக்கொள்வார். இந்தச் சுகத்தையா இவர் விட்டுவிட்டு வந்தார் என்று தோன்றியது. வாய் தானாகத் திறந்தது.

"நீ இல்லன்னா நான் செத்துருவேன்யா."

அவர் என் தலையைத் தடவினார். "சாவ மாட்டடி" என்றார். "அப்டியெல்லாம் யாரும் சாவறதில்ல."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கேயோ அறுத்துக்கொண்டு போனது. அவர் அழுத ஒவ்வொரு காலையிலும் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. ஒருநாளாவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் சொன்னதெல்லாம், "என்னை விட்டா யாரு இருக்கா ஒனக்கு." அவர் வேண்டுமென்று குத்தவில்லை, அது தெரிந்ததுதான் இன்னும் வலித்தது. தோளிலிருந்து தலையை எடுத்தேன்.

கல் மேலிருந்த அவர் போன் அடித்தது. 'கனி பாய்' என்று வந்தது. அவர் கை ஈரம். நானே எடுத்தேன்.

"கமலக்கண்ணா! இத்தன தடவ அடிச்சிருக்கியே, இன்னா ஆச்சுப்பா? இப்பதான் போனத் தொறந்தேன்." மூச்சு வாங்கியது பாய்க்கு.

"நான் வைஜெயந்தி பேசறேன் பாய்."

"தம்பி குடிச்சிட்டானாம்மா?"

"இல்ல பாய். நான் குடிச்சிட்டேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் அந்த இடத்திலேயே நன்றாகக் கேட்டிருப்பேன், அந்த மனுஷன் எனக்கு அந்தச் சந்தர்ப்பமும் கொடுக்கவில்லை. "அப்டியாம்மா" என்றார், என் வீட்டுக்காரரிடம் 'ம்' என்றாரே, அதே குரலில். பிறகு போனைத் தள்ளி வைத்துக்கொண்டு, "தாஜ், இங்க வா, இது உனக்குத்தான்" என்று கூப்பிட்டது கேட்டது.

"வைஜெயந்தி? எப்டி இருக்க?"

"அவருக்கு இன்னாங்க்கா, நல்லாத்தான் இருக்காரு. ஒரு சொட்டுத் தொடல. கைதான் கொஞ்சம் நடுங்குச்சு, இப்ப அதுவும் நின்னுபோச்சு. மூஞ்சிதான் கொஞ்சம் வாடி..."

"அவரை நான் கேக்கல தங்கச்சி. நீ எப்டி இருக்க?"

பாகூர் மார்க்கெட்டில் என் வாயிடம் தோற்காத ஆள் கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. எப்படி இருக்கிறேன்? இந்தக் கேள்விக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த நாளுக்குப் பிறகு நான் பதில் யோசித்ததே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டுகிறது. அந்தப் பக்கம் தாஜ் நிஷா போனை வைக்கவில்லை. "மெதுவாச் சொல்லு, எனக்கு ஒரு வேலையும் இல்ல" என்றார்.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். "யாருடி அது, பாய் இல்லையா? அவங்ககிட்ட இன்னா பேசற?" என்றார். காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அப்டி இன்னாதான்டி, எனக்குத் தெரியாம?"

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். "நீ போய்ச் சாப்புடுய்யா" என்றேன். "இது எனக்கு வந்த போன்."